காயத்தைக் காட்டுங்கள்

செத்தவர் எழும்ப மாட்டார். இதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை அடக்கம் செய்த உடம்பு ஞாயிறு காலை எழுந்து நடந்தது என்று நம்ப ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நான்கு சுவிசேஷங்களும் இதில் ஒத்துப்போவதில்லை. கல்லறைக்குப் போன பெண்கள் யார் யார், அங்கே அவர்கள் கண்டது யாரை என்பதில் நான்கும் நான்கு விதமாகப் பேசுகின்றன. அவற்றில் மிகப் பழையது என்று கருதப்படும் மாற்கு சுவிசேஷத்தின் பழைய கைப்பிரதிகள், பெண்கள் பயந்து ஓடிப்போய் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பின்னால் உள்ள பன்னிரண்டு வசனங்கள் பிற்காலத்தில் சேர்ந்தவை. பைபிள் அறிஞர்களே இதை ஒப்புக்கொண்டு அடிக்குறிப்பாக அச்சிட்டுவிட்டார்கள்.

ஆகவே அந்த வழக்கில் பகுத்தறிவாளர்களான நாம் புதிதாக வெல்ல ஒன்றும் பாக்கி இல்லை. ஆனாலும் உயிர்த்த ஞாயிறு வந்தால் நம்மில் பலர் அதே கட்டைத் தூசு தட்டி எடுக்கிறோம். கோயிலுக்குப் போனவர் எழுந்தார் என்கிறார். போகாதவர் எழவில்லை என்கிறார். இரண்டு பேருக்கும் மறுநாள் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு ஒரே நேரத்துக்குத்தான். அவர் எழுந்தாரா என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கிவிட்டு, அவர் எழ வேண்டும் என்று முதலில் யாருக்குத் தேவைப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். கதை வேறு பக்கம் திரும்பும். அந்தப் பக்கம் கோயிலுக்கும் வசதிப்படாது, நமக்கும் வசதிப்படாது.

பழைய யூத வேதத்தின் பெரும்பகுதியில் உயிர்ப்பு என்ற நம்பிக்கையே தெளிவாகக் கிடையாது. நல்லவனும் கெட்டவனும் செத்தால் ஒரே பாதாளத்துக்குத்தான் போனார்கள். நல்லவனுக்கு நீண்ட ஆயுளும் பிள்ளைகளும் நிலமும் இந்த உலகத்திலேயே கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. கிறிஸ்துவுக்கு முன் 167 அளவில் அந்தக் கணக்கு உடைந்தது. சிரியாவிலிருந்து ஆண்ட கிரேக்க அரசன் நான்காம் அந்தியோக்கு யூத வழிபாட்டைத் தடை செய்தான். வேதத்தைக் கைவிட்டவன் பிழைத்தான், கைவிடாதவன் செத்தான். அந்தக் காலத்து எழுத்திலேதான், மண்ணுக்குள் உறங்குகிறவர்கள் எழுவார்கள் என்று தானியேல் ஆகமம் பேசுகிறது. கத்தோலிக்கப் பைபிளில் உள்ள மக்கபேயர் இரண்டாம் நூலில் ஒரு தாய் வருகிறாள். ஏழு பிள்ளைகளையும் ஒருவர் பின் ஒருவராக அவள் கண்முன்னே வதைத்துக் கொல்கிறார்கள். நீ பறிக்கும் உயிரைத் திருப்பித் தர ஒருவர் இருக்கிறார் என்று அந்தப் பிள்ளைகள் அரசனின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் சாகிறார்கள்.

சாவுப் பயத்தில் பிறந்த ஆறுதல் என்றே நாம் உயிர்ப்பைப் பற்றிச் சொல்லி வந்திருக்கிறோம். பிறந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால் அது ஒரு முறைப்பாடு. கொன்றவன் சொன்னதே கடைசித் தீர்ப்பாகிவிடக் கூடாது என்ற முறைப்பாடு. கேட்டு விசாரிக்கக் கீழே நீதிமன்றம் இல்லாததால் மேலே அனுப்பியிருக்கிறார்கள்.

இயேசுவின் காலத்தில் இந்த நம்பிக்கையை மறுத்த கட்சியும் ஒன்று இருந்தது. சதுசேயர். தலைமைக் குருக்களின் குடும்பங்கள், கோயில் வருமானத்தில் வாழ்ந்தவர்கள், உரோம ஆளுநரோடு ஒத்துப் போனவர்கள். வசதி படைத்தவர்களிடம் மட்டுமே அவர்களுக்குச் செல்வாக்கு இருந்தது என்று அந்த நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியிருக்கிறார். அவர்கள் இயேசுவை மடக்கக் கொண்டுவந்த கேள்வி நம் பட்டிமன்ற மேடையில் கைத்தட்டல் வாங்கக்கூடியது. ஒரு பெண்ணின் கணவன் சாகிறான், அவன் தம்பி அவளைக் கட்டுகிறான், அவனும் சாகிறான், இப்படியே ஏழு சகோதரர்கள். எல்லோரும் எழுந்து வந்தால் அவள் யாருடைய மனைவி?

கெட்டிக்காரக் கேள்விதான். ஆனால் ஏழு ஆண்களிடம் கைமாறிய அந்தப் பெண்ணின் பாடு என்ன என்று கேட்டவர்களுக்குத் தோன்றவில்லை. அங்கே ஏழு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய். இங்கே ஏழு பேருக்கு வாழ்க்கைப்பட்ட பெண். முதல் கதையைச் சொன்னவர்கள் கொல்லப்பட்டவர்களின் ஆட்கள். இரண்டாவதைச் சொன்னவர்களுக்கு வேளா வேளைக்குச் சாப்பாடு வந்துகொண்டிருந்தது. செத்தவர் எழ மாட்டார் என்பதில் நான் சதுசேயர் பக்கம். அந்தக் கட்சியில் வேறு யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கும்போதுதான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இந்த நம்பிக்கை இலங்கையின் ஊவா மாகாணத்து மலைக்கு எப்படி வந்தது? தோட்டத்துச் சனங்களிடம் ஏற்கெனவே ஓர் உயிர்ப்புக் கதை இருந்தது. மாசியில் தொடங்கும் காமன் கூத்து. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரித்துவிடுகிறார். ரதி அழுகிறாள், விடாமல் அழுகிறாள். அந்த அழுகைக்காகத்தான் காமன் திரும்ப வருகிறான், அதுவும் அவள் கண்ணுக்கு மட்டும். யோவான் சுவிசேஷத்தில் கல்லறை வாசலில் அழுதுகொண்டு நின்றவள் மகதலா மரியா; உயிர்த்தவர் முதலில் தெரிந்தது அவளுக்கு. பெண்கள் போய்ச் சொன்னதைச் சீடர்கள் வெறும் பிதற்றலாக எடுத்துக்கொண்டார்கள் என்று லூக்கா எழுதுகிறார். இரண்டு கதையிலும் ஒரு பெண், செத்தவனைத் தீர்ந்துபோன கணக்காக எழுதி மூட மறுக்கிறாள். ஆண்கள் வீட்டுக்குப் போன பிறகும் அவள் அங்கேயே நிற்கிறாள்.

இந்த மறுப்பைத்தான் தோட்டத்துக்கு வந்த மதம் முதலில் வடிகட்டியது. 1854 இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குக் கோப்பித் துரைமார் பணம் கொடுத்தார்கள். செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பேர் போட்ட கைதான் உபதேசியாருக்கும் சம்பளம் கொடுத்தது. அந்த உபதேசியார்கள் எழுத்துச் சொல்லிக் கொடுத்ததை நான் மறக்கவில்லை. ஆனால் துரையின் பணத்தில் சொல்லப்படும் உயிர்ப்பு துரையின் தூக்கத்தைக் கெடுக்குமா? சிலுவை, உரோம அரசு அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த தண்டனை. அந்தச் செய்தி ஓசையில்லாமல் நழுவிப்போனது. தண்டனை விதித்த உரோம ஆளுநர் பிலாத்து ஓரமாகிவிட்டான், பாவம் முழுவதும் கூலியாளின் தலையில் இறங்கியது. பொறுத்துக்கொள், மறுமையில் எல்லாம் சரியாகும் என்பது மட்டும் மிஞ்சியது. கொழுந்து நிறை குறைந்தால் இங்கே அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். மீதி அரைப்பேரை மோட்சத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பதுளை நகரத்தில் உள்ள அங்கிலிக்கன் பரிசுத்த மாற்கு ஆலயம் 1857 இல் திறக்கப்பட்டது. அது ஒரு நினைவாலயம். யாருக்கு நினைவு? பதுளையை நிர்வகித்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸுக்கு. ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று பெயர் எடுத்தவர். 1845 ஜூன் 7 அன்று ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருக்கு நுவரெலியாவில் கல்லறை, பதுளையில் கோயில். அதே காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளையை நோக்கி நடந்துவந்த கோப்பித் தொழிலாளர்கள் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கில் வழியிலேயே விழுந்தார்கள். அவர்களுக்குக் கல்லும் இல்லை, பேரும் இல்லை.

ரொஜர்ஸை ஊர் சும்மா விடவில்லை. அவருடைய கல்லறைமேலும் மின்னல் விழுந்து கல் பிளந்தது, யானைப் பாவம் இன்னும் விடவில்லை என்ற கதை இன்றைக்கும் நடமாடுகிறது. மின்னலுக்கு யானைக் கணக்குத் தெரியாது. மலை நாட்டில் இடி விழும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதையைக் கட்டியவர்களின் மனம் விளங்குகிறது. சுட்டவனுக்குக் கோயில் எழுப்பியதோடு யானையின் வழக்கு முடிந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். மக்கபேயர் காலத்துத் தாய் கேட்டதும் அதைத்தான்.

இனி, கோயிலுக்குள்ளேயே போய்ப் பார்ப்போம். உயிர்ப்பு இரவில் கத்தோலிக்கக் கோயிலில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு வெளியே புது நெருப்பு மூட்டுவார்கள். பெரிய பாஸ்காத் திரியை அதில் ஏற்றுவதற்கு முன்பு சுவாமியார் மெழுகில் ஒரு சிலுவை கீறுகிறார். சிலுவையின் நான்கு மூலைகளிலும் அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களைப் போடுகிறார். பிறகு ஐந்து சாம்பிராணி மணிகளை எடுத்துச் சிலுவையில் குத்துகிறார். ஐந்தும் ஐந்து காயங்கள்: இரண்டு கை, இரண்டு கால், விலா. நம்பிக்கை இல்லாதவன் பின்னால் நின்று பார்த்தாலும் விளங்கக்கூடிய சடங்கு இது. ஆண்டும் காயமும் ஒரே மெழுகில் இருக்கின்றன. இந்த ஆண்டின் காயம் எது என்று அந்தத் திரி கேட்கிறது. அதன் கீழே நின்று வைக்கிற பிரசங்கம்தான் பெரும்பாலும் அதைக் கேட்பதில்லை.

சீடர்களில் தோமாவை நாம் நம் ஆள் என்று கொண்டாடுகிறோம். அவர் கேட்டது என்ன? வானத்தில் ஓர் அடையாளத்தையோ இன்னோர் அற்புதத்தையோ அவர் கேட்கவில்லை. ஆணி அடித்த இடத்தில் என் விரலை வைக்க வேண்டும் என்றார். கதைப்படி எழுந்து வந்தவரின் காயம் மறையவில்லை. செத்த உடம்பையே எழுப்பிய கடவுளுக்கு நான்கைந்து தழும்பை ஆற்ற முடியாமலா போயிற்று? கதை சொன்னவர் தெரிந்துதான் விட்டு வைத்திருக்கிறார். கொலை நடந்ததற்கு அந்த உடம்புதான் தடயம். தடயத்தைத் துடைத்துவிட்டு ஒருவர் எழுந்து வந்தால் பிலாத்துவுக்கு அதைவிட நிம்மதி வேறு இல்லை.

இந்த மாகாணத்திலேயே அப்படி வாசித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். 1972 இல் பதுளை தனி மறைமாவட்டம் ஆனபோது, கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார அந்தப் பழைய பெரிய மறைமாவட்டத்தை விட்டு இந்த ஏழை மறைமாவட்டத்துக்கு வந்தார். பண்டாரவளையில் அவர் தொடங்கிய சேவக செவன குருமடத்தில் பணியாற்றிய அமலமரித் தியாகிகள் சபைக் குரு மைக்கல் றொட்ரிகோ, 1980 இல் மொனராகலை மாவட்டத்தின் புத்தல பக்கம் ஒரு சிங்கள பௌத்தக் கிராமத்துக்குக் குடிபோனார். இரண்டு கலாநிதிப் பட்டம் பெற்றவர். அங்கே சுபசெத் கெதர என்ற சிறு வீட்டில் இருந்தார். ஆள் சேர்க்கப் போகவில்லை. கிராமத்தவர்களின் நிலம் கரும்புக் கம்பனிகளுக்குப் போவதைப் பற்றி எழுதினார், பேசினார். 1987 நவம்பர் 10 மாலை, அந்த வீட்டில் பூசை முடியும் தறுவாயில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர் இன்னார் என்று எந்த நீதிமன்றமும் இன்றுவரை சொல்லவில்லை. எல் சல்வடோரில் பேராயர் ரொமேரோவை 1980 மார்ச் 24 அன்று சுட்டதும் பூசைப் பீடத்தில் வைத்துத்தான். ரொமேரோவை 2018 இல் புனிதராக்கினார்கள். றொட்ரிகோவின் பெயர் பதுளையிலேயே எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

அவர் நம்பினார், நான் நம்பவில்லை. செத்த பின் அவருக்கு என்ன ஆயிற்று என்பதில் எங்களுக்குள் உடன்பாடு வர வழியில்லை. ஆனால் துவக்குக்காரனின் சொல் கடைசிச் சொல்லாகக் கூடாது என்று அவர் போய் நின்ற இடத்தில் நிற்க எனக்குக் கடவுள் தேவைப்படவில்லை.

அந்த இடத்திலிருந்து ஊவாவின் காயங்களை எண்ணிப் பாருங்கள். பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம். 2000 ஒக்டோபர் 25 அன்று, பொலிஸ் காவலில் இருந்த இடத்துக்குள் கும்பல் புகுந்து இருபத்தைந்துக்கு மேற்பட்ட தமிழ் இளைஞர்களை வெட்டியும் எரித்தும் கொன்றது. 2003 இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். 2005 முடிவதற்குள் அந்த ஐவரில் ஒருவர்கூடக் குற்றவாளியாக மிஞ்சவில்லை. யாரையும் தூக்கில் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. பட்டப்பகலில், காவலுக்குள் நடந்த கொலைகளுக்குக் கொலையாளி என்று ஒருவரும் சட்டத்தில் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணி அளவில் மலை இறங்கியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் மலைக்கு வேலைக்குப் போனவர்களும் பிழைத்தார்கள். லயத்தில் இருந்தவர்கள் மண்ணுக்குள் போனார்கள். காணாமல் போனவர்களின் தொகை நூற்றுக்கணக்கில் ஆரம்பித்து நாற்பதுக்குள் வந்து நின்றது. ஒரு தோட்டத்தில் எத்தனை பேர் குடியிருந்தார்கள் என்றுகூட நாட்டுக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. பலரின் உடல் கிடைக்கவே இல்லை. எருசலேமில் ஒரு கல்லறை காலியாக இருந்ததா என்று இரண்டாயிரம் ஆண்டாகச் சண்டை பிடிக்கிறோம். இங்கே காலியாகாத கல்லறை ஒன்று மலையளவு கிடக்கிறது.

அதற்குப் பிறகு வந்ததுதான் தீர்ப்பு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் அபாயத்தைச் சொல்லியிருந்தது, சனங்கள்தான் போகவில்லை என்றார்கள். எங்கே போவது? நின்ற நிலம் தோட்டத்தினுடையது, படுத்த லயம் தோட்டத்தினுடையது. போவதற்கு ஒரு பேர்ச் காணிகூட அவர்கள் பேரில் இல்லை. தப்பியவர்களுக்கு மக்கல்தெனியவில் வீடு கையளிக்கவே 2016 ஆகிவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மறுபடி மலைகள் சரிந்தன.

இப்போது 2019 ஏப்ரல் 21 ஐ நினைத்துப் பாருங்கள். உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் கோயில்களில் குண்டு வெடித்தது. ஹோட்டல்களையும் சேர்த்து இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். கட்டுவாப்பிட்டியில் உயிர்த்த இயேசுவின் சொரூபத்தின்மேல் இரத்தம் தெறித்திருந்த படத்தை உலகமே பார்த்தது. செத்தவர்களுக்கு உயிர்ப்பு நிச்சயம், ஆகவே விசாரணை எதற்கு என்று அன்றைக்கு எந்த ஆயராவது சொன்னாரா? இல்லை. திருச்சபை உண்மை கேட்டது, நீதி கேட்டது, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் செயற்படாமல் இருந்ததற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. உயிர்ப்பை எப்படிக் கொண்டாட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் திருச்சபை எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் எச்சரிக்கை கிடைத்திருந்தது என்பது அதிகாரத்தில் இருந்தவர்களின் குற்றமாயிற்று. மீரியபெத்தவில் எச்சரிக்கை கொடுத்திருந்தோம் என்பது செத்தவர்களின் குற்றமாயிற்று. அங்கே ஏன் அதே குரல் எழவில்லை? செத்தவர்களில் பெரும்பாலோர் கோயில் பதிவேட்டில் இல்லாதவர்கள் என்பதாலா? கொல்லப்பட்ட ஒருவரின் வழக்கைக் கடவுளே திரும்பத் திறந்தார் என்பது உங்கள் விசுவாசம் என்றால், எந்தக் கோப்பைத் திறப்பது என்று ஞானஸ்நான அட்டை பார்த்து முடிவு செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை. ஆண்டவர் அவர்களைத் தம்மிடம் எடுத்துக்கொண்டார் என்று சொல்லிக் கோப்பை மூடுகிற ஆறுதல், பிலாத்து கை கழுவிய அதே தண்ணீர்.

நம் பக்கத்துக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. இலங்கைப் பகுத்தறிவு இயக்கத்தின் பெரியவர் ஆபிரகாம் கோவூர், கேரளத்துத் திருவல்லாவில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். 1978 இல் இறந்தபோது கண்ணை யாரோ இருவர் பார்க்கக் கொடுத்தார். உடம்பை மருத்துவ மாணவர்களுக்குக் கொடுத்தார். எலும்புக்கூடு தான் படிப்பித்த கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியின் ஆய்வுகூடத்துக்கு என்று எழுதி வைத்தார். உயிர்ப்பை மறுத்த மனிதர் தன் உடம்பைக் கடைசி எலும்பு வரை உயிரோடு இருப்பவர்களுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அவருடைய சவால்களை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த உயிலை மறந்தால் நாம் அவருடைய வாரிசுகள் ஆக மாட்டோம், சதுசேயரின் வாரிசுகள்தான். அற்புதம் பொய் என்று நிரூபிப்பதால் மீரியபெத்தவின் ஒரு குடும்பத்துக்கும் காணி கிடைத்துவிடாது. மேலே நீதிமன்றம் கிடையாது என்று சொல்கிறவனுக்குத்தான் கீழே உள்ள நீதிமன்றத்தைப் பற்றிக் கூடுதல் கவலை இருக்க வேண்டும். நம்பிக்கையாளருக்கு மேன்முறையீட்டுக்கு இன்னோர் இடம் உண்டு. நமக்கு இது ஒன்றே ஒன்று.

ஆகவே ஒரு யோசனை. ஊவாவில் உயிர்ப்புப் பிரசங்கத்தை ஏப்ரலில் மட்டும் வைக்காதீர்கள். இந்த மாகாணத்தின் காயங்கள் ஆண்டின் கடைசியில் நெருக்கமாகக் கிடக்கின்றன: ஒக்டோபர் 25 பிந்துனுவெவ, ஒக்டோபர் 29 மீரியபெத்த, நவம்பர் 10 புத்தல. நடுவில் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கத்தோலிக்கரும் அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் மீரியபெத்தவுக்கு வந்து அந்த மண்ணின்மேல் நின்று ஒருமுறை உயிர்ப்பைப் பற்றிப் பேசட்டும். யாருக்கு எச்சரிக்கை போனது, யார் நிலம் கொடுக்கவில்லை, இன்றைக்கும் எந்தெந்த லயங்கள் சரிவின் கீழ் நிற்கின்றன என்று பேர் சொல்லிப் பேசட்டும். பாட்டும் செபமும் அவர்கள் விருப்பம்.

பகுத்தறிவாளர்களும் அன்றைக்கு வரவேண்டும். பாடும்போது வாய் திறக்க வேண்டியதில்லை. சரிவின் கீழ் இருக்கும் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான இடத்தில், அவரவர் பேரில் காணி உறுதி கேட்டு ஒரு மனு அங்கே சுற்றி வர வேண்டும். அதில் முதல் கையெழுத்துப் போடுவது நம்புகிறவரா நம்பாதவரா என்பதில் மட்டும் நமக்குள் போட்டி இருக்கட்டும்.